திருவாரூர் வீட்டுக்கு ஒரு டிஜிட்டல் பியானோ: பெட்டி எடை 11 கிலோ, இஎம்ஐ எடை எவ்வளவு?

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆன பலருக்கும் மனசுக்குள்ள ஒரு ஆசை இருக்கும். சின்ன வயசுல கத்துக்க முடியாத ஒரு விஷயத்தை இப்போ நம்ம சம்பளத்துல கத்துக்கணும். அதுல அடிக்கடி வர்ற ஒண்ணு கீபோர்டு, பியானோ. திருவாரூர் மாதிரி ஊர்ல இருந்துக்கிட்டு, 27,000 ரூபாய் சம்பளத்துல ஒரு டிஜிட்டல் பியானோ வாங்குறது சரியா? வாங்கினா எதை வாங்கணும், எப்படி வாங்கணும்? இன்னைக்குப் பாடம் இதுதான்.

முதல்ல: கீபோர்டு வேற, டிஜிட்டல் பியானோ வேற

கடையில ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். பார்க்கவும் ஒரே மாதிரி இருக்கும். ஆனா விரல் வச்சா வித்தியாசம் தெரிஞ்சிடும்.

சாதாரண கீபோர்டுல பெரும்பாலும் 61 கட்டைகள். அழுத்தினா ஸ்பிரிங் மாதிரி லேசா இறங்கும். நிறைய ரிதம், நிறைய டோன் இருக்கும். டிஜிட்டல் பியானோவுல 88 கட்டைகள். உள்ளே சின்னச் சுத்தியல் மாதிரி அமைப்பு இருக்கிறதால, நிஜ பியானோ மாதிரி கனமா இறங்கும். மெதுவா அழுத்தினா மெல்லிய சத்தம், வேகமா அழுத்தினா பெரிய சத்தம்.

இதுல எது உங்களுக்கு வேணும்ங்கிறது நீங்க என்ன வாசிக்கப் போறீங்கங்கிறதைப் பொறுத்தது.

சினிமாப் பாட்டு, கச்சேரி மேடை, ரிதம் போட்டு வாசிக்கணும்னா கீபோர்டே போதும். டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்துற தேர்வுகள்ல எலக்ட்ரானிக் கீபோர்டுக்குத் தனிப் பாடத்திட்டம், பியானோவுக்குத் தனிப் பாடத்திட்டம். பியானோ கிரேடு எழுதப் போறீங்கன்னா 88 கட்டை, கனமான கட்டை, ரெண்டும் வேணும்.

கர்நாடக சங்கீதம்னா கொஞ்சம் யோசிக்கணும். பியானோவுல ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே சுருதி. கமகம் வராது. கமகத்துக்கு உதவுற பிட்ச் பெண்ட் சக்கரம் பல கீபோர்டுல இருக்கும். ஆரம்ப விலை டிஜிட்டல் பியானோவுல பொதுவா இருக்காது. ஆனா டிரான்ஸ்போஸ் வசதி இருக்கும். பாடுறவங்களுக்கு ஒரு கட்டை, அஞ்சரைக் கட்டைன்னு சுருதி மாத்திக்கலாம்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இன்னொரு சந்தோஷமான விஷயம். சங்கீத மும்மூர்த்திகள் மூணு பேருமே பிறந்தது திருவாரூர்லதான். அதுல முத்துசாமி தீட்சிதர் சென்னை மணலியில இருந்தப்போ, ஆங்கிலேயர் பேண்டு வாசிச்ச மெட்டுகளைக் கேட்டு, அதுக்கு சமஸ்கிருதத்துல சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம்னு சொல்லுவாங்க. எல்லாம் சங்கராபரண ஸ்வரங்கள், கமகம் இல்லாம நேரா வரும். பியானோவுல ‘சி’ கட்டையை ஸட்ஜமா வச்சா, சங்கராபரணம் முழுக்க வெள்ளைக் கட்டைதான்! ஆரம்பிக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடைக்காது.

எடை ஏன் முக்கியம்?

நிஜ பியானோன்னா நின்ன இடத்துலேயே 200 கிலோவுக்கு மேல. சுருதி சேர்க்க ஆளைக் கூப்பிடணும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காத்துல மரம் ஊறும். டெல்டா வாடகை வீட்டுக்கு அது சரிப்படாது.

லேசான டிஜிட்டல் பியானோ அப்படி இல்ல. ஸ்டாண்டு இல்லாம எடை இதோ:

- யமஹா பி-45: 11.5 கிலோ. அதுக்கு அடுத்து வந்த பி-145: 11.1 கிலோ
- கேசியோ சிடிபி-எஸ்110: 10.5 கிலோ
- ரோலண்ட் எஃப்பி-10: 12.3 கிலோ
- யமஹா என்பி-32: 5.7 கிலோ. ஆனா இதுல 76 கட்டை, சுத்தியல் அமைப்பு இல்ல

25 கிலோ அரிசி சிப்பத்தைத் தூக்குற வீட்ல, இது பாதி எடைகூட இல்ல. ஒரே ஆள் தூக்கி சுவரோரம் நிமிர்த்தி வச்சிடலாம். வீடு மாறினா ஆட்டோவுல போயிடும்.

ரயில்ல கொண்டுபோறவங்க மட்டும் ஒரு விஷயம் கவனிங்க. ஸ்லீப்பர் வகுப்புல ஒருத்தருக்கு 40 கிலோ இலவசம்தான். ஆனா பயணிகள் பெட்டிக்குள்ள கொண்டுபோற பெட்டிக்கு 100 x 60 x 25 சென்டிமீட்டர்னு அளவு விதி இருக்கு. 88 கட்டை பியானோ நீளம் கிட்டத்தட்ட 130 சென்டிமீட்டர். எடையில பாஸ், நீளத்துல ஃபெயில்! முறைப்படி பார்த்தா பார்சல்ல போடணும். அதனால சென்னையில வாங்கிட்டு ஊருக்குக் கொண்டு வர்ற திட்டம் இருந்தா, வீட்டு வாசல்ல டெலிவரி தர்ற இடத்துல வாங்குறது நல்லது.

நம்ம ஊருக்குன்னு பார்க்க வேண்டியவை

*கரண்ட்:* டெல்டாவுல புயல் மழைன்னா கரண்ட் போறது தெரிஞ்ச விஷயம். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ எத்தனை நாள் இருட்டுல இருந்தோம்னு மறந்திருக்க மாட்டீங்க. கேசியோ சிடிபி-எஸ்110, யமஹா என்பி-32 ரெண்டும் ஆறு சின்ன பேட்டரியிலயும் ஓடும். பி-45, பி-145, எஃப்பி-10 எல்லாம் அடாப்டர் மட்டும்தான். வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா கவலையில்ல, இதெல்லாம் ரொம்பக் கம்மியாத்தான் கரண்ட் எடுக்கும். கரண்ட் போனா அடாப்டரைக் கழட்டி வச்சிடுங்க. திரும்ப வரும்போது வர்ற வோல்டேஜ் ஏத்தம்தான் எலக்ட்ரானிக்ஸுக்கு எமன்.

*ஈரம், எறும்பு, பல்லி:* ஜன்னலோரம் வைக்காதீங்க. வாசிச்சு முடிச்சதும் பருத்தித் துணி போட்டு மூடுங்க. டீ கிளாஸை மேல வைக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

*அக்கம்பக்கம்:* சுவரோட சுவர் ஒட்டின தெரு வீடுகள்ல ராத்திரி ஒன்பது மணிக்கு மேல வாசிச்சா பேச்சு வரும். ஹெட்போன் ஓட்டை எல்லா மாடல்லயும் இருக்கு. வேலை முடிஞ்சு வந்து வாசிக்கிறவங்களுக்கு ஹெட்போன் அவசியச் செலவு, ஆடம்பரம் இல்ல.

*சர்வீஸ்:* வாங்குறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: “ஒரு கட்டை வேலை செய்யலேன்னா யார் பார்ப்பாங்க, எந்த ஊர்ல?” பதில் தஞ்சாவூர், திருச்சின்னு வந்தா பரவாயில்ல. பதிலே வரலேன்னா யோசிங்க.

இப்போ கணக்குக்கு வருவோம்

விலை கடைக்குக் கடை மாறும். புரியறதுக்காக ஒரு உதாரணம் போடுவோம். பியானோ 40,000 ரூபாய். ஸ்டாண்டு 2,500. பை, மூடுறதுக்கு உறை 2,500. ஹெட்போன் 1,500. மொத்தம் 46,500 ரூபாய். டீச்சருக்கு மாசம் 1,200 வச்சா வருஷத்துக்கு 14,400. ஆக முதல் வருஷச் செலவு 60,900.

பெரும்பாலானவங்க 40,000 மட்டும்தான் கணக்குப் போடுவாங்க. மீதி 20,900 எங்கேயிருந்து வரும்னு யோசிக்கிறதே இல்ல.

இனி இஎம்ஐ. கடையில ரெண்டு விலை சொல்றாங்கன்னு வச்சுக்குவோம்: ரொக்கம்னா 40,000, ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ன்னா 42,000; மாசம் 3,500 வீதம் 12 மாசம். வட்டி இல்லையேன்னு தோணும். ஆனா 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு, பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு. பேங்க் தன் வட்டியை எடுத்துக்கும். அது தள்ளுபடி, விலைன்னு வேற பேர்ல உள்ளே ஒளிஞ்சிருக்கும். மேல சொன்ன 42,000-ல, 15 சதவீத வட்டின்னு எடுத்துக்கிட்டா வட்டிப் பகுதி சுமார் 3,220. கிரெடிட் கார்டு இஎம்ஐயில அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, சுமார் 580. பிராசஸிங் கட்டணம் 199, அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. கடைசியில கையிலிருந்து போறது 42,815. ரொக்கத்தைவிட 2,815 அதிகம். அதாவது ஸ்டாண்டு காசு!

சரி, 2,815 தானே, போகட்டும்னு சொல்லலாம். உண்மையான பிரச்சனை அது இல்ல. மாசாமாசம் என்ன ஆகுதுன்னு பாருங்க.

கைக்கு வர்ற சம்பளம் 27,000. வீட்டுக்கு 8,000. ரூம் வாடகை, சாப்பாடு 9,000. பைக் இஎம்ஐ 3,200. பெட்ரோல், போன் ரீசார்ஜ், மத்தது 2,500. மிச்சம் 4,300. அதுல பியானோ இஎம்ஐ 3,500 போனா கையில நிக்கிறது 800. டீச்சர் ஃபீஸ் 1,200.

புரியுதா? பியானோ வீட்டுக்கு வந்துடுச்சு, சொல்லிக்கொடுக்க ஆள் வைக்கக் காசு இல்ல. முதல் மாசம் யூடியூப் பார்த்து வாசிப்பீங்க. மூணாவது மாசம் துணி போட்டு மூடினது மூடினபடி இருக்கும்.

இன்னொண்ணு. நம்ம பக்கம் பாதிப் பேர் வீட்ல நிலம் இருக்கும். தை மாசி சம்பா அறுவடை நேரத்துல ஒரு மழை பெய்ஞ்சா போதும். 2023 பிப்ரவரி ஆரம்பத்துல பெய்ஞ்ச மழையில டெல்டாவுல அறுவடைக்கு நின்ன பயிர் சாய்ஞ்சது ஞாபகம் இருக்கும். வயல்ல தண்ணி நின்னா டயர் வண்டி இறங்காது, பெல்ட் மெஷின்தான் வேணும். அதுக்கு வாடகை கூட. நெல்லு கொள்முதல் நிலையத்துல போட்டு பணம் கணக்குல ஏறுற வரைக்கும் அப்பாவுக்கு ஒரு பத்தாயிரம் தேவைப்படும். அந்த போன் உங்களுக்குத்தான் வரும். அப்போ 800 ரூபாயோட நிக்கிற நீங்க கிரெடிட் கார்டைத் தேய்ப்பீங்க. அதுல மினிமம் மட்டும் கட்டினா மாசம் சுமார் 3.5 சதவீதம் வட்டி ஓடும். பத்தாயிரத்துக்கு மாசம் 350, அதுக்கு மேல ஜிஎஸ்டி. பியானோவுக்காக வாங்கின கடன் அறுவடைக் கடனா மாறுறது இப்படித்தான்.

அப்போ வாங்கவே கூடாதா? வாங்கலாம், வரிசையை மாத்துங்க

1. *முதல்ல டீச்சர், அப்புறம் பியானோ.* மாசம் 1,200-ல இந்த மாசமே வகுப்புல சேருங்க. மூணு மாசம் டீச்சரோட கருவியிலேயே பழகுங்க. தினமும் தொட ஒண்ணு வேணும்னா, தெரிஞ்சவங்க வீட்ல சும்மா கிடக்குற 61 கட்டை கீபோர்டை இரவல் கேளுங்க.

2. *அதே மாசம் ஆர்டி ஆரம்பிங்க.* பேங்க்ல மாசம் 2,500, 18 மாசம். நீங்க போடுறது 45,000. 6.5 சதவீத வட்டின்னா சுமார் 2,300 சேர்ந்து 47,300. பியானோ, ஸ்டாண்டு, பை, ஹெட்போன் எல்லாத்துக்கும் சேர்த்து 46,500 வந்துடுச்சு. தீபாவளி போனஸ்ல கொஞ்சம் வச்சா 18 மாசம் 14, 15 மாசமாக் குறையும். தபால் ஆபீஸ் ஆர்டி அஞ்சு வருஷக் கணக்கு. இதுக்கு பேங்க் ஆர்டிதான் சரி.

3. *அப்பா போன் பண்ணா?* ஆர்டியை நடுவுல உடைக்கலாம். வட்டியில கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பியானோ நாலு மாசம் தள்ளிப் போகும். இஎம்ஐயை அப்படி உடைக்க முடியாது.

4. *தொண்ணூறு நாள் டெஸ்ட்.* காலண்டர்ல வாசிச்ச நாளுக்கு ஒரு டிக் போடுங்க. வாரம் அஞ்சு நாள், அரை மணி நேரம். ஒரு வருஷம் அப்படி வாசிச்சா 130 மணி நேரம். 60,900 செலவுன்னா மணிக்கு 468 ரூபாய். ரெண்டு மாசத்துல, 20 மணி நேரத்தோட விட்டுட்டா? பொருள் 46,500, ஃபீஸ் 2,400, மொத்தம் 48,900. மணிக்கு 2,445 ரூபாய்! அதே பியானோ, அதே விலை. வாசிக்கிற கைதான் அதை மலிவாக்குது. தொண்ணூறு நாள்ல 60 டிக்காவது வந்தா தைரியமா வாங்குங்க. வரலேன்னா ஆர்டி பணம் உங்ககிட்டயே இருக்கு, நஷ்டமே இல்ல.

5. *பழசு வாங்கினா:* 88 கட்டையையும் ஒண்ணொண்ணா, மெதுவா ஒரு தடவை, வேகமா ஒரு தடவை அழுத்திப் பாருங்க. ஒட்டுற கட்டை, கடகடன்னு சத்தம் போடுற கட்டை இருக்கான்னு கவனிங்க. பெடல், ஹெட்போன், ஒரிஜினல் அடாப்டர், பில் நாலையும் கேளுங்க. பக்கத்து ஊர்ல இருந்தா நேர்ல பார்த்துட்டுப் பணம் கொடுங்க. முன்பணம் அனுப்பச் சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க.

கடையில நிக்கும்போது

பெரிய நம்பர் சொல்லி விலையை ஏத்துவாங்க. 500 டோன், 200 ரிதம்னு. பியானோ கத்துக்க நல்ல பியானோ டோன் ஒண்ணு போதும். பாலிஃபோனி, அதாவது ஒரே நேரத்துல எத்தனை ஸ்வரம் ஒலிக்கும்ங்கிற எண்ணிக்கை, 64 இருந்தா ஆரம்பத்துக்குத் தாராளம். யூஎஸ்பி இருக்கான்னு பாருங்க, செயலிகளோட இணைக்கலாம். ஸ்டாண்டு ஆடாம நிக்குதான்னு அங்கேயே வச்சுப் பாருங்க. கடைசியா, ரொக்க விலை என்னன்னு தனியாக் கேளுங்க. கையில முழுப்பணம் இருக்கிறவர் கேக்குற விலையும், இஎம்ஐக்கு வந்தவர் கேக்குற விலையும் ஒண்ணு இல்ல.

இன்னைக்கு வீட்டுப்பாடம்

ஒரு தாள் எடுங்க. உங்க சம்பளம், நிரந்தரச் செலவு, மிச்சம் மூணையும் எழுதுங்க. மிச்சத்துல டீச்சர் ஃபீஸ் முதல்ல கழிங்க. அதுக்கப்புறம் நிக்கிறதுல எவ்வளவு ஆர்டி போட முடியும்னு பாருங்க. 46,500-ஐ அந்தத் தொகையால வகுத்தா எத்தனை மாசம்னு வரும். அந்த மாசத்தைக் காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க. பியானோ வீட்டுக்கு வர்றப்போ உங்க கைக்கு ஏற்கெனவே வாசிக்கத் தெரிஞ்சிருக்கும், கடனும் இருக்காது.

அடுத்த பாடத்துல ஆர்டியா, லிக்விட் ஃபண்டான்னு பார்ப்போம்.