அண்ணி வளைகாப்புக்கு கேமரா உன் கையில்

வளைகாப்புக்கு வீடியோ நீதான் எடுக்கப் போறேன்னு அம்மா சொன்னாங்க. ரொம்ப சந்தோஷம். கிளம்புறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கொஞ்சம் கேட்டுக்கோ, ஏன்னா நான் பண்ணின தப்பை நீ பண்ணக் கூடாது.

தாத்தா சதாபிஷேகத்துக்கு இதே ஹேண்டிகேம்ல நான்தான் எடுத்தேன். மண்டபத்துக் கடைசியில நின்னுக்கிட்டு, ஜூம் பட்டனை அழுத்தி அழுத்திப் பாட்டி முகத்தைக் கிட்ட இழுத்தேன். இப்ப போட்டுப் பார்த்தா பாட்டி முகம் தொட்டில்ல கிடக்கிற மாதிரி ஆடுது. மாலை மாத்தும்போது தலையைக் குனிஞ்சு சிரிச்சாங்களே, அந்தச் சிரிப்பு ஒரு நொடிகூட நிலையா நிக்கலை. பாட்டியும் இப்ப இல்லை.

அதனால முதல்ல ஜூமை மறந்துடு. பத்து மடங்கு கிட்ட இழுத்தா, உன் கை நடுக்கமும் பத்து மடங்காத்தான் தெரியும். லென்ஸை முழுசா அகலத்துல வெச்சுட்டு, நீ நடந்து கிட்ட போ. மெனுவுல டிஜிட்டல் ஜூம் இருந்தா அணைச்சுடு. அது படத்தைப் பெருசாக்கிப் புள்ளி புள்ளியாக்குறதைத் தவிர வேற எதுவும் பண்ணாது.

பிடிக்கிற விதம் இதுதான். பக்கவாட்டு வாரை, கேமரா உள்ளங்கையோட ஒட்டி நிக்கிற அளவுக்கு இறுக்கு. இடது கை கேமராவுக்கு அடியில தாங்கணும். ரெண்டு முழங்கையும் விலாவோட ஒட்டி இருக்கட்டும், கால் ரெண்டும் தோள் அகலத்துக்கு விரிஞ்சு இருக்கட்டும். நம்ம கூடத்துத் தூண்ல சாய்ஞ்சுக்கிட்டா இன்னும் நல்லது. மூச்சை அடக்காதே. அடக்கினா கொஞ்ச நேரத்துல கை தானா நடுங்கும். மெதுவா விட்டுக்கிட்டே எடு.

ஸ்டாண்ட் இல்லைன்னு கவலைப்படாதே. கேமராவுக்கு அடியில ஸ்டாண்ட் மாட்டுற ஓட்டை இருக்கும், கால் இஞ்ச் அளவு, இஞ்சுக்கு 20 மரை. ஹார்டுவேர் கடைக்குக் கேமராவையே எடுத்துட்டுப் போய், பொருந்துற சின்ன போல்ட் ஒண்ணு வாங்கு. ஆறு மில்லி மீட்டர் போல்ட்டைக் குடுப்பாங்க, பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா மரை வேற. வம்பா முறுக்கினா ஓட்டையே கெட்டுப் போகும். சரியான போல்ட்ல ஒரு கயிறு கட்டி, மறுமுனையைக் காலால மிதிச்சுக்கிட்டு கேமராவை மேல்நோக்கி லேசா இழுத்துப் பிடி. கயிறு விறைப்பா நிக்கிற வரைக்கும் மேலயும் கீழயும் ஆடுறது நல்லாவே குறைஞ்சுடும். நான் இதைக் கத்துக்கிட்டது சதாபிஷேகம் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு.

ஒவ்வொரு தடவையும் குறைஞ்சது பத்து நொடி அசையாம எடு. மனசுக்குள்ள எண்ணிக்கோ. நலங்கு வைக்க ஒவ்வொருத்தரா வருவாங்க, சந்தனம் பூசுவாங்க, பன்னீர் தெளிப்பாங்க. அவங்க நகரட்டும், நீ நகராதே. கூட்டத்தை ஒரு தடவை சுத்திக் காட்டணும்னா, எங்கே முடிக்கணுமோ அந்தப் பக்கம் பாதத்தை வெச்சுட்டு, இடுப்பை மட்டும் திருப்பி ஆரம்பி. திரும்பி வரும்போது உடம்பு தானா நேராகும், முடிவு தடுமாறாது.

கை வளையல் போடுற கட்டத்துக்கு வா. அண்ணி கையைக் குவிச்சு, அத்தை ஒவ்வொண்ணா ஏத்துவாங்க. விரல் முட்டியில சிக்கி ஏறுற அந்தக் கண்ணாடி வளையலை எடுக்க, பக்கத்துல தரையிலயே உட்கார்ந்துடு. முழங்காலை மடக்கி அதுமேல முழங்கையை ஊனிக்கோ. கிட்ட இருந்தா வளையல் சத்தமும் மைக்ல தெளிவா விழும். மேல சுத்துற ஃபேனை அந்த அஞ்சு நிமிஷம் நிறுத்தச் சொல்லு. பாட்டு போடுற ஸ்பீக்கர் பக்கத்துல நிக்காதே.

அண்ணியை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வெச்சா முகம் கருத்துடும். மணையைப் போடுறதுக்கு முன்னாடியே அம்மாகிட்ட சொல்லி, வெளிச்சம் அண்ணி முகத்துல விழற மாதிரி திருப்பிப் போட வை. மொபைல்லயும் எடுக்கிறதா இருந்தா, நம்ம ஊர் கரண்டு 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் நொடிக்கு நூறு தடவை மினுங்கும். செட்டிங்ஸ்ல நொடிக்கு 25 ஃப்ரேம் இருந்தா அதை வெச்சுக்கோ, படத்துல கோடு ஓடுறது குறையும்.

பதிவாகுறதைக் காட்டுற சிவப்பு விளக்கைப் பார்த்துட்டுத்தான் எடுக்கணும். பதிவாகுதுன்னு நினைச்சு நிறுத்தி வெச்சிருப்போம், நிறுத்திட்டோம்னு நினைச்சு தரையை எடுத்துக்கிட்டு இருப்போம். ராத்திரியே பேட்டரியை முழுசா ஏத்திடு.

ஒண்ணு மட்டும் மறக்காதே. சதாபிஷேக வீடியோவுல நான் எங்கேயுமே இல்லை. எல்லாருக்கும் வளையல் குடுக்கும்போது கேமராவைச் சித்தி பையன்கிட்ட குடுத்துடு. முழங்கையை விலாவோட ஒட்டிப் பிடிக்கச் சொல்லிட்டு, நீ போய் அண்ணி பக்கத்துல உட்காரு.