கதிரியக்க நோயாளியைத் தொடலாமா?

ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவை மனத்தில் எண்ணிக் கொள்ளுங்கள். கால் முறிந்து, இரத்தம் ஒழுகிக் கொண்டிருக்கும் ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். "இவர் மேல் கதிரியக்கப் பொருள் படிந்திருக்கிறது" என்று உடன் வந்தவர் கூறுகிறார். அங்கே பணியிலிருக்கும் செவிலியர் என்ன செய்ய வேண்டும்? விலகி நிற்க வேண்டுமா? முதலில் நோயாளியைக் குளிப்பாட்ட வேண்டுமா? அல்லது இரத்தப் பெருக்கை நிறுத்த வேண்டுமா?

இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. வெடிமருந்தோடு கதிரியக்கப் பொருளையும் சேர்த்து வெடிக்கச் செய்தால், அப்பொருள் தூளாகி ஊரெங்கும் பரவும். இதனை 'அழுக்குக் குண்டு' என்பர். 1995 நவம்பரில் மாஸ்கோ நகரப் பூங்கா ஒன்றில் சீசியம்-137 அடங்கிய பொட்டலம் ஒன்று புதைத்து வைக்கப்பட்டிருந்தது. நல்ல வேளையாக அது வெடிக்கப்படவில்லை. ஆனால் அத்தகைய தூள் மக்களிடையே பரவினால் என்ன ஆகும் என்பதை, 1987-இல் பிரேசில் நாட்டில் நேர்ந்த ஒரு விபத்து உலகிற்குக் காட்டிவிட்டது. உலகெங்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் இன்றும் அதிலிருந்து பாடம் கற்கின்றனர்.

வெளிச்சமும் சுண்ணக்கட்டித் தூளும்

அந்தப் பாடத்திற்கு முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்வோம்.

இருட்டறையில் உங்கள் மீது டார்ச் விளக்கை அடிக்கிறேன். விளக்கை அணைத்ததும் உங்கள் மேல் வெளிச்சம் ஒட்டிக் கொண்டிருக்கிறதா? இல்லை. அடுத்து, கரும்பலகை துடைக்கும் டஸ்டரை உங்கள் சட்டையில் தட்டுகிறேன். நான் போன பின்பும் தூள் உங்கள் மேலேயே இருக்கும். நீங்கள் தொடுகிற புத்தகம், உட்காருகிற பெஞ்சு, உண்ணும் சோறு எல்லாவற்றிலும் அது ஏறும்.

காமாக் கதிர் உடலின் வழியே பாய்வது டார்ச் வெளிச்சம் போன்றது. இதனைக் கதிர்படுதல் என்போம். பாயும்போது அது உடலின் மூலக்கூறுகளைச் சிதைக்கும். ஆனால் உடலைக் கதிரியக்கப் பொருளாக மாற்றாது. எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துக்கொண்டு வெளியே வருபவரைக் கண்டு நாம் அஞ்சுவதில்லை அல்லவா? நியூட்ரான் கதிர் மட்டும் இதற்கு விலக்கு. அது அணு உலைகளைச் சார்ந்த செய்தி. கதிரியக்கத் தூளே உடையிலும் தோலிலும் படிவது சுண்ணக்கட்டித் தூள் போன்றது. இதனைக் கதிர்மாசு என்போம். தூளைக் கழுவிவிட்டால் மாசு போய்விடும்.

கதிர்பட்டவரால் பிறருக்கு ஆபத்தில்லை. மாசு படிந்தவரால் ஆபத்து உண்டு. எனினும் அது கழுவிப் போக்கக் கூடிய ஆபத்து. செவிலியரின் பணி முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

கோயானியா நகரில் நடந்தது

பிரேசிலின் கோயானியா நகரில் தனியார் கதிர்மருத்துவ நிலையம் ஒன்று 1985-இல் இடம் மாறியது. புற்றுநோய்க்குப் பயன்பட்ட சீசியம்-137 கருவி மட்டும் பழைய கட்டடத்திலேயே கிடந்தது. 1987 செப்டம்பர் 13-ஆம் நாள் இருவர் உள்ளே புகுந்து அதன் முக்கியப் பகுதியைக் கழற்றிச் சென்றனர். செப்டம்பர் 18-இல் அது ஒரு காயலான் கடைக்கு விலைபோயிற்று. அன்றிரவே கடைக்காரர் அதிலிருந்து நீல ஒளி வீசுவதைக் கண்டு வியந்தார். உறவினரையும் அண்டை வீட்டாரையும் அழைத்துக் காட்டினார். உள்ளே இருந்த சீசியம் குளோரைடு ஏறத்தாழ 93 கிராம்தான். அதனை அரிசி மணி அளவு துணுக்குகளாகப் பலருக்கும் கொடுத்தார்கள். சிலர் மினுக்குப் பொடி போல் உடலில் பூசிக் கொண்டனர். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அதைத் தொட்ட கையாலேயே உணவு உண்டாள்.

ஒவ்வொருவராக வாந்தி எடுக்கலாயினர். உணவு ஒத்துக் கொள்ளவில்லை என்று முதலில் எண்ணினர். தோலில் புண் கண்ட சிலரை வெப்பமண்டல நோய் மருத்துவமனைக்கு அனுப்பினர். நோய்க்குக் காரணம் அந்தப் பொருள்தான் என்று முதலில் ஐயுற்றவர் கடைக்காரரின் மனைவி. செப்டம்பர் 28-இல் அவர் அதன் மிச்சத்தை ஒரு பையில் இட்டு, பேருந்தில் எடுத்துச் சென்று சுகாதார அலுவலகத்தில் சேர்த்தார். மறுநாள் மருத்துவ இயற்பியலர் ஒருவர் அளவுகருவியுடன் வந்தார். எத்திசையில் திருப்பினாலும் முள் கடைசி அளவைத் தாண்டி நின்றது. கருவி பழுதென்று எண்ணி வேறொன்றைக் கொண்டு வந்தார். அதுவும் அவ்வாறே காட்டிற்று!

நகரின் ஒலிம்பிக் விளையாட்டரங்கில் 1,12,000-க்கும் மேற்பட்டோரைச் சோதித்தனர். மாசு காணப்பட்டவர் 249 பேர். அவர்களுள் 120 பேருக்கு மாசு உடையிலும் காலணியிலும் மட்டுமே இருந்தது. அவர்கள் அவற்றை நீக்கியதும் வீடு திரும்பினர். மற்ற 129 பேருக்கு உடலின் மேலும் உள்ளும் மாசு இருந்தது. நால்வர் அக்டோபர் மாதத்தில் இறந்தனர். அந்தச் சிறுமியும், பையை எடுத்துச் சென்ற பெண்மணியும் அவர்களுள் அடங்குவர்.

செவிலியரின் வரிசைமுறை

இப்போது நம் முதற் கேள்விக்கு வருவோம். விடை இதுதான்: முதலில் உயிர், பிறகுதான் மாசு. மூச்சும் இரத்த ஓட்டமும் நின்றால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். உடையில் படிந்த தூளின் கதிர்வீச்சு அவ்வளவு விரைவில் யாரையும் கொல்லாது. எனவே செவிலியர் கையுறை இரண்டடுக்கு, முகமூடி, மேலங்கி, காலுறை ஆகியவற்றை அணிந்து உடனே இரத்தத்தை நிறுத்துவார்.

அடுத்து உடை. அதை உதறாமல் கத்தரித்து, உட்புறம் வெளியே வருமாறு மெல்லச் சுருட்டிப் பையிலிட்டுக் கட்ட வேண்டும். இந்த ஒரு செயலாலேயே மாசில் 90 விழுக்காடு வரை நீங்கிவிடக் கூடும். பிறகு புண்களைக் கழுவி மூடுவார். கண், மூக்கு, வாய்ப் பகுதிகளைத் தூய்மை செய்வார். இறுதியில் மற்றத் தோலை இளஞ்சூட்டு நீராலும் சோப்பாலும் கழுவுவார். அழுத்தித் தேய்க்கக் கூடாது. தோல் உரிந்தால் அந்த வழியே மாசு உள்ளே புகும். ஒவ்வொரு முறை கழுவிய பின்பும் கருவியால் அளந்து பார்க்க வேண்டும்.

முதல் வாந்தி எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் செவிலியர் குறித்து வைப்பார். வாந்தி எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ, அவ்வளவு மிகுதியாகக் கதிர் பட்டிருக்கலாம். சிறு குறிப்புதான், ஆனால் மருத்துவருக்கு அது பெருந்துணை.

காலம், தொலைவு, தடுப்பு

செவிலியருக்குப் பாதுகாப்பு வேண்டாமா? வேண்டும். அதற்கு இயற்பியல் மூன்று வழிகளைத் தருகிறது.

ஏற்கும் கதிரின் அளவு, அருகில் நிற்கும் காலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே செவிலியர் முறை வைத்து மாறி மாறிப் பணி செய்வர். கதிரின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு விலகினால் செறிவு நான்கில் ஒரு பங்காகும். (புள்ளி போன்ற மூலத்திற்கே இவ்விதி சரியாகப் பொருந்தும். மனித உடல் புள்ளி அன்று. எனவே மிக அருகில் சிறிது மாறுபடும்.)

மூன்றாவது தடுப்பு. எக்ஸ்-கதிர் அறையில் அணியும் ஈய அங்கி இங்கே உதவுமா? சீசியம்-137 தரும் காமாக் கதிரின் ஆற்றல் 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். அதைப் பாதியாகக் குறைக்கவே ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர் ஈயம் தேவை. அங்கியிலுள்ள அரை மில்லிமீட்டர் ஈயம் சுமார் 5 விழுக்காட்டையே தடுக்கும். பாரம்தான் மிச்சம்! முகமூடியும் கையுறையும் கூடக் காமாக் கதிரைத் தடுப்பதில்லை. தூள் நம் மூக்கிலும் கையிலும் ஏறாமல் காப்பதே அவற்றின் வேலை.

உடலுக்குள் புகுந்த சீசியம்

உள்ளே போன சீசியத்தைக் கழுவ முடியாது. வேதியியலில் சீசியம் பொட்டாசியத்தின் உறவு. எனவே உடல் ஏமாந்து அதைத் தசைகளில் ஏற்றுக் கொள்கிறது. அதன் அரை ஆயுட்காலம் சுமார் 30 ஆண்டுகள். எனினும் உடல் தானாகவே அதில் பாதியை ஏறத்தாழ 110 நாட்களில் வெளியேற்றிவிடும்.

இதை விரைவுபடுத்த ஒரு மருந்து உண்டு. அது பிரஷ்ய நீலம். கட்டடப் பொறியாளர்கள் பயன்படுத்திய பழைய நீல வரைபடத் தாளின் நிறம் அதுவே. சீசியம் குடலுக்குள் சுரப்பதும், மீண்டும் உறிஞ்சப்படுவதுமாக உடலில் சுற்றி வருகிறது. பிரஷ்ய நீலம் குடலில் அதைப் பிடித்துக் கொண்டு மலத்துடன் வெளியேறுகிறது. இதனால் பாதியாகக் குறையும் காலம் 110 நாட்களிலிருந்து ஏறத்தாழ 30 நாட்களாகிறது. கோயானியாவில் 46 பேருக்கு இம்மருந்து தரப்பட்டது. அவர்களைக் கவனித்த செவிலியர் சிறுநீரையும் மலத்தையும் நாள்தோறும் சேகரித்து அளவிட அனுப்ப வேண்டியிருந்தது. வியர்வையின் வழியே சீசியம் வெளிவந்து கழுவிய தோலை மீண்டும் மாசாக்கியதால், உடம்பு துடைப்பதும் விரிப்பு மாற்றுவதும் ஓயாத வேலையாயிற்று.

யாரிடமிருந்து யாரைக் காப்பது?

4 கிரே கதிரளவு என்பது ஒரு கிலோகிராம் உடலுக்கு 4 ஜூல் ஆற்றல். இது நீரை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடச் சூடாக்காது. ஆயினும் மருத்துவம் இல்லாவிட்டால் இவ்வளவு கதிர்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறக்கக் கூடும். எலும்பு மஜ்ஜை அழிந்து, இரத்த வெள்ளணுக்கள் குறைவதே காரணம். அப்போது சாதாரணக் கிருமியும் எமனாகும்.

ஆகவே இந்நோயாளியைத் தனியறையில் வைப்பது, அவரிடமிருந்து நம்மைக் காப்பதற்கு மட்டும் அன்று. நம் கைகளில் உள்ள கிருமிகளிடமிருந்து அவரைக் காப்பதற்கும் ஆகும். செவிலியர் கை கழுவாமல் உள்ளே போனால், அந்த அறையில் ஆபத்தானவர் செவிலியரே!

இரசாயனத் தாக்குதலில் வரிசை மாறும். 1995 மார்ச் 20-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்னும் நச்சுப்பொருள் பரப்பப்பட்டது. ஒரே மருத்துவமனைக்கு அன்று சுமார் 640 பேர் வந்தனர். அவர்களுடைய உடைகளிலிருந்து எழுந்த ஆவியால் அங்குள்ள பணியாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கு உபாதை உண்டாயிற்று. அங்கே உடை களைதலும் காற்றோட்டமும் வாசலிலேயே தொடங்க வேண்டும். அம்மை போன்ற தொற்றுக் கிருமியானால் தனிமைப்படுத்தலே முதன்மை. எதிரி யார் என்று அறிந்தாலன்றி முறையான பணிவிடை இல்லை.

அச்சம் என்னும் மாசு

கோயானியாவில் சிறுமியின் உடலை அடக்கம் செய்தபோது, மக்கள் அஞ்சிக் கல்லெறிந்தனர். அந்நகரத்தார் என்பதற்காகவே பலர் வெளியூர்களில் ஒதுக்கப்பட்டனர். 'மாசு இல்லை' என்று ஏறத்தாழ 8,000 பேருக்குச் சான்றிதழ் எழுதித் தர வேண்டியதாயிற்று. தூளைக் கழுவ நீரும் சோப்பும் போதும். இந்த அச்சத்தைக் கழுவ அறிவு ஒன்றே வேண்டும்.

நம் நாட்டிலும் 2010-இல் தில்லி மாயாபுரியில், காயலான் கடைக்கு வந்த பழைய ஆய்வுக்கூடக் கருவியிலிருந்த கோபால்ட்-60 ஓர் உயிரைக் குடித்தது. மஞ்சள் நிறத்தில் மூவிதழ்ச் சின்னம் உள்ள பொருளை எங்கேனும் கண்டால் தொடாதீர்கள். விலகி நின்று காவல் நிலையத்திற்குத் தெரிவியுங்கள்.

செய்து பாருங்கள்

பழைய சட்டை ஒன்றை அணிந்து, அதன் மேல் சுண்ணக்கட்டித் தூளைத் தட்டிக் கொள்ளுங்கள். விரித்த கறுப்புத் துணி மேல் நின்று அதை உதறிக் கழற்றுங்கள். மறுமுறை புதிதாகத் தூள் தட்டி, நண்பரின் உதவியுடன் உட்புறம் வெளியே வருமாறு சுருட்டிக் கழற்றுங்கள். இருமுறையும் துணியில் விழுந்த தூளை ஒப்பிடுங்கள்.

ஒரு கணக்கும் போடுங்கள். ஒரு புள்ளி மூலத்திலிருந்து அரை மீட்டரில் 15 நிமிடம் நிற்பவர் பெறும் கதிரளவை, 2 மீட்டர் தொலைவில் நிற்பவர் எவ்வளவு நேரத்தில் பெறுவார்?

(விடை: 4 மணி நேரம்.)