நம் சிகிச்சைக் குறிப்புகளின் பிரதியைப் பெறும் முறை

கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினராக உள்ள எவரும் தம் பாஸ் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கிறார். பங்குத் தொகை எவ்வளவு, வாங்கிய கடன் எவ்வளவு, கட்டிய தவணை எத்தனை என்பவற்றை அதைப் பார்த்தே அறிகிறார். ஒரு வரவு பதியாமல் விட்டுப்போயிருந்தால் மறுநாளே காரியதரிசியிடம் வந்து நிற்கிறார். ஆனால் அதே அங்கத்தினர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்து எழுந்து வீடு திரும்பும்போது, தம் உடம்பைப் பற்றி அங்கே என்ன எழுதப்பட்டது என்று கேட்பதில்லை. கையில் கொடுத்த ஒரு சீட்டையும் மடித்துக் கூரையில் செருகிவிடுகிறார். அடுத்த ஐப்பசி மழைக்கு அது மிஞ்சுவதில்லை. பணத்தின் கணக்கில் காட்டும் அக்கறையை உடம்பின் கணக்கில் நாம் காட்டாமைக்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று. கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்பதை அறியாமையே பெருங்காரணம். அவ்வுரிமை யாது, அதற்குரிய கட்டணம் எவ்வளவு, கேட்கும் முறை எப்படி என்பவற்றை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. குறிப்பு யாருடையது?

சங்கத்தின் பேரேடு சங்கத்தின் சொத்து. அதை எவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. எனினும் அதில் தம் பெயரில் எழுதப்பட்ட கணக்கை அறியும் உரிமை அங்கத்தினருக்கு உண்டு. ஆஸ்பத்திரிக் குறிப்பும் இத்தகையதே. மூலக் காகிதத்தை வைத்துக் காப்பது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. அதில் அடங்கிய செய்தியின் பிரதியைப் பெறுவது நோயாளியின் உரிமை.

குறிப்பு என்றால் வீடு திரும்பும்போது தரும் சுருக்கம் மட்டும் என்று எண்ணலாகாது. புறநோயாளிச் சீட்டு, உள்நோயாளியின் சிகிச்சைத் தாள், காய்ச்சல் அட்டவணை, செவிலியர் எழுதிய குறிப்பு, இரத்தப் பரிசோதனை முடிவு, எக்ஸ்ரே படம், ஆபரேஷன் குறிப்பு, நாம் கையெழுத்திட்ட சம்மதப் பத்திரம் ஆகிய யாவும் அதில் அடங்கும்.

2. எதற்காகத் தேவை?

முதலாவது, மேற்சிகிச்சை. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ தொடங்கிய சிகிச்சை மதுரையில் தொடரக்கூடும். முன்னே கொடுத்த மருந்து எது, எந்த மருந்து உடம்புக்கு ஒவ்வவில்லை என்பது இரண்டாவது டாக்டருக்குத் தெரியவேண்டும். குறிப்பு இல்லையேல் செய்த பரிசோதனைகளையே மீண்டும் செய்ய நேரும். நெசவாளர் ஒருவரின் இரண்டு வாரக் கூலி அதிலேயே கரைந்துவிடும்.

இரண்டாவது, இன்ஷூரன்ஸும் நஷ்டஈடும். 2015-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில், 18 வயது முதல் 70 வயது வரையுள்ள வங்கிக் கணக்குடையோர் சேரலாம். 2022 ஜூன் முதல் ஆண்டுக் கட்டணம் 20 ரூபாய். விபத்தில் மரணம் நேர்ந்தால் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் போன்றவற்றில், உடனே சேர்க்கப்பட்ட ஆஸ்பத்திரியின் குறிப்பு அக்காரணத்தை உறுதி செய்யவேண்டும் என்று அத்திட்டத்தின் விதி கூறுகிறது. அலங்காநல்லூர்ப் பக்கத்தில் கரும்பு வெட்டுவோரும் சோழவந்தான் பக்கத்தில் தென்னை ஏறுவோரும் இதை மனத்தில் கொள்ளவேண்டும். முதல் சீட்டில் "பாம்பு கடித்தது" என்ற சொல் இருப்பதையும் இல்லாததையும் பொறுத்தே ஒரு குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் வருவதும் வராமற்போவதும் அமையக்கூடும். ஆகவே நோயாளியைச் சேர்க்கும்போதே, நேர்ந்தது என்ன, எங்கே, எத்தனை மணிக்கு என்பதைத் தெளிவாகச் சொல்லி எழுதச் செய்யவேண்டும்.

நம் நெசவாளர் குடும்பங்களில் பலர் நூற்பாலைகளிலும் வேலை செய்கின்றனர். பஞ்சுத் தூசியால் உண்டாகும் நுரையீரல் நோய், 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் தொழில் நோயாகச் சேர்க்கப்பட்டிருந்தது. இத்தகைய நோய் ஒரு நாளில் வருவதன்று. ஆண்டுக்கணக்கான மருத்துவக் குறிப்புகளே அதற்குச் சாட்சி.

மூன்றாவது, சிகிச்சையில் குறை நேர்ந்தால் நியாயம் கேட்பது. குறிப்பு இல்லாத வழக்கு, ரசீது இல்லாத கடனைப் போன்றது.

3. சட்டம் சொல்வது

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இதில் முக்கியமானவை. உள்நோயாளியின் குறிப்புகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் டாக்டர் காக்கவேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை தந்து, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களை வழங்கவேண்டும். மறுப்பது தொழில் ஒழுக்கக் குற்றம். 2023 ஆகஸ்டு 2-ஆம் தேதி வெளியான புதிய விதிகள் அதே மாதம் 23-ஆம் தேதி நிறுத்தி வைக்கப்பட்டமையால், 2002-ஆம் ஆண்டு விதிகளே தொடர்ந்தன.

"இவை இரகசியமானவை" என்று நோயாளியிடமே சொல்லி மறுக்க இயலாது என்பதைப் பம்பாய் உயர்நீதிமன்றம் 1996-லேயே தெளிவாக்கிவிட்டது. நோயாளி தம் குறிப்பைப் பெறும் உரிமையை மத்திய தகவல் ஆணையமும் 2014-ல் வலியுறுத்தியது. தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளி உரிமைச் சாசனத்தை மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல் மாநிலங்களுக்கு அனுப்பியது. சிகிச்சையில் இருக்கும்போது கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பிய பின் 72 மணி நேரத்துக்குள்ளும் பிரதி தரவேண்டும் என்பது அச்சாசனத்தின் வாசகம். நோயாளி இறந்துவிட்டால் மரணச் சுருக்கத்தைப் பெறும் உரிமை உறவினருக்கு உண்டு என்றும் அது கூறுகிறது. மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோருக்கும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு இவ்வுரிமையை அளிக்கிறது.

4. அரசாங்க ஆஸ்பத்திரியில் கேட்பது

மதுரையில் பெரியவர்கள் இன்னும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனையை உதாரணமாகக் கொள்வோம். முதலில் உள்நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு, ஆஸ்பத்திரித் தலைவருக்கு நேராக ஒரு மனுக் கொடுக்கலாம். அதற்குப் பலன் இல்லையேல், 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. அம்மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் எழுதவேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை.

விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையை விண்ணப்பத்தில் ஒட்டுவது கிராமத்தாருக்கு எளிய வழி. பிரதிக் கட்டணம் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் தரும் கெடு 30 நாள். உயிர் அல்லது சுதந்திரம் பற்றிய தகவலானால் 48 மணி நேரம். அவசர சிகிச்சைக்காகக் கேட்பவர் அதை விண்ணப்பத்தின் தலைப்பிலேயே எழுதுவது நலம். பிரதிக் கட்டணம் கட்டுமாறு அலுவலர் கடிதம் அனுப்பினால், அக்கடிதம் புறப்பட்ட நாள் முதல் நாம் பணம் கட்டும் நாள் வரை உள்ள காலம் கெடுவில் சேராது. ஆகவே தாமதமின்றிக் கட்டவேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர் அதற்குரிய சான்றை இணைத்தால் கட்டணமே இல்லை. கெடு தவறினால், பின்னர் தரும் பிரதிக்குக் கட்டணம் வாங்கக்கூடாது.

பதில் வராவிடினும், மறுக்கப்படினும், 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அலுவலருக்கு முதல் மேல்முறையீடும், அதன்பின் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம்.

5. தனியார் ஆஸ்பத்திரியில் கேட்பது

தனியார் ஆஸ்பத்திரிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் நேராக விண்ணப்பிக்க இயலாது. அங்கே 2002-ஆம் ஆண்டு விதிகளே நமக்குக் கை கொடுப்பவை. எழுத்தில் மனுக் கொடுத்து, அதன் பிரதியில் தேதியுடன் ஒப்புகைக் கையெழுத்து வாங்கவேண்டும். கையெழுத்துத் தர மறுத்தால், போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்பவேண்டும். 72 மணி நேரம் அப்போதுதான் கணக்கில் வரும். வாயால் கேட்டதற்குச் சாட்சி இல்லை.

கட்டணத்தைப் பொறுத்தவரை, 2002-ஆம் ஆண்டு விதிகள் தொகை எதையும் கூறவில்லை. பிரதி எடுப்பதற்குரிய தகுந்த கட்டணம், அல்லது நோயாளியே தம் செலவில் பிரதி எடுத்துக்கொள்ள அனுமதி என்பதே நோயாளி உரிமைச் சாசனத்தின் அளவு. எனவே கேட்கும் தொகை அதிகமாகத் தோன்றினால், பக்கம் எத்தனை, பக்கத்துக்கு வீதம் என்ன என்று எழுதித் தருமாறு கேட்பது நியாயம். பணம் கட்டினால் ரசீது பெறவேண்டும்.

மறுத்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். கட்டணம் கொடுத்துப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்சநீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுச் செய்யவேண்டும். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடின் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

6. கணக்கு ஒன்று

அங்கத்தினர் ஒருவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் 12 நாள் இருந்தார் என்றும், அவருடைய குறிப்பு 60 பக்கம் என்றும் கொள்வோம்.

விண்ணப்பக் கட்டணம்: 10 ரூபாய்
பிரதிக் கட்டணம் (60 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய்): 120 ரூபாய்
ஆக மொத்தம்: 130 ரூபாய்

இந்த 130 ரூபாய் 2 லட்சம் ரூபாய்க் கோரிக்கைக்கு ஆதாரமாகக் கூடும் என்பதை நினைத்தால், இது செலவன்று, முதலீடு.

பிற நாடுகளிலும் இக்கட்டணம் பற்றிய வாதம் நடந்தே வந்திருக்கிறது. இங்கிலாந்தில் முன்பு 50 பவுன் வரை வாங்க இடமிருந்தது. 2018 மே மாதம் முதல் பொதுவாக இலவசம் ஆயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், முதல் பிரதியை இலவசமாகவே தரவேண்டும் என்றும், நோயாளி காரணம் கூறத் தேவையில்லை என்றும் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஏழைக்கு உரிமை கிட்டுவது கட்டணத்தின் அளவைப் பொறுத்தது என்பதை எல்லாத் தேசத்தாரும் உணர்ந்து வருகின்றனர்.

7. மாதிரி மனு

பெறுநர்: ஆஸ்பத்திரித் தலைவர் அவர்கள்.
ஐயா,
........ ஊரில் வசிக்கும் ........ ஆகிய நான், ........ தேதி முதல் ........ தேதி வரை தங்கள் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றேன். என் உள்நோயாளி எண் ........ ஆகும். சிகிச்சைத் தாள், பரிசோதனை முடிவுகள், ஆபரேஷன் குறிப்பு, வீடு திரும்பும் சுருக்கம் ஆகியவற்றின் முழுப் பிரதியை, 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி, 72 மணி நேரத்துக்குள் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பிரதி எடுக்கும் கட்டணத்தைச் செலுத்தி ரசீது பெறச் சித்தமாயிருக்கிறேன்.
இப்படிக்கு, ........

நோயாளி வர இயலாவிடின், இன்னாரிடம் கொடுக்கலாம் என்று கையெழுத்திட்ட கடிதமும் அடையாளச் சான்றும் இணைக்கவேண்டும். நோயாளி குழந்தையானால் பெற்றோரும், இறந்துவிட்டால் வாரிசுகளும் தம் உறவுக்குரிய சான்றுடன் கேட்கவேண்டும்.

8. சங்கம் செய்யக்கூடியது

மனு எழுதத் தெரியாத அங்கத்தினருக்கு எழுதிக் கொடுப்பது, மாதிரி மனுவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது, மூன்றாண்டுக் கெடுவை மகாசபையில் நினைவூட்டுவது ஆகியவை சங்கத்துக்குச் செலவில்லாத சேவைகள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒருவர் நோயின் பெயரை ஊர் அறிந்தால் கல்யாணப் பேச்சு நின்றுபோவதும் கடை வாசலில் பேச்சு எழுவதும் உண்டு. ஆகவே உதவித்தொகை கோரும் அங்கத்தினரின் மருத்துவக் காகிதங்களைக் கூட்டத்தில் உரக்கப் படிப்பதும், மேஜை மேல் திறந்து வைப்பதும் தகாது. தேவையான பக்கத்தை மட்டும் பார்த்து, மற்றவற்றைத் திருப்பிக் கொடுப்பதே முறை. அங்கத்தினரும் மூலத்தைத் தரகரிடம் ஒப்படைக்காமல், பிரதியை மட்டும் கொடுக்கவேண்டும்.

ஒரு தகரப் பெட்டி, அதில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஓர் உறை, தேதி வரிசையில் காகிதங்கள்: இவ்வளவுதான் ஒரு வீட்டுக்கு வேண்டியது. பாஸ் புத்தகத்தின் பக்கத்திலேயே அதற்கும் இடம் தருவோமாக.

கலந்து பேசுவதற்குரிய கேள்விகள்

1. உள்நோயாளியின் குறிப்பு எத்தனை ஆண்டுகள் காக்கப்படவேண்டும்? எந்நாளிலிருந்து கணக்கு?
2. அரசாங்க ஆஸ்பத்திரியில் 85 பக்கக் குறிப்பைத் தகவல் உரிமைச் சட்டப்படி பெற மொத்தக் கட்டணம் எவ்வளவு?
3. பாம்பு கடித்தவரைச் சேர்க்கும்போது முதல் சீட்டில் எழுதச் செய்யவேண்டியவை யாவை?
4. நம் சங்கத்தில் அங்கத்தினரின் மருத்துவக் காகிதங்கள் இப்போது எங்கே வைக்கப்படுகின்றன? அவற்றை யார் யார் பார்க்க முடிகிறது?