அடியாரொடு மருவுதலும் உயிரின் இன்பமும்

சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலக்குற்றம் நீங்கப்பெற்ற ஞானியும் அடியாரது திருக்கூட்டத்தைச் சார்ந்து, திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவமெனவே கண்டு வழிபடுதல் வேண்டுமென விதிக்கின்றது. பதினோராஞ் சூத்திரத்தின்கண் பேரன்பினால் இறைவன் திருவடியைத் தலைப்பட்ட உயிருக்கு இனி ஒரு கூட்டத்தான் ஆவதென்னையென ஐயுறுவாருமுளர். அவ்வையம் புறக்கணிக்கத் தக்கதன்று.

திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்து நிகழ்ச்சியை ஈண்டு நினைத்தல் வேண்டும். ஆண்டு அடியார் குழுமியிருந்தனர். இறைவனைத் தோழனாகவே பெற்ற நம்பியாரூரர், இவர்க்கு யான் அடியேனாகும் நாள் எந்நாளென உள்ளத்தே விழைந்தனராயினும், அவரை அணுகாது திருமுன் சென்றார். அதுகண்ட விறன்மிண்டர் நம்பியாரூரரைப் புறகென்றார். அவரை ஆண்ட பெருமானையும் புறகென்றார். பெருமான் முனிந்தாரல்லர். அடியார் பெருமையைத் தாமே உணர்த்தி, அடியெடுத்துக் கொடுத்துத் திருத்தொண்டத்தொகை பாடுவித்தார். ஆரூரர்பால் அன்பு குறைந்ததில்லை. மருவுதல் ஒன்றே குறைந்தது. அக்குறையை இறைவனும் சிறிதெனக் கொண்டிலன் என்பதே ஈண்டுக் கருதற்பாலது.

இதனோடு ஒருபுடை ஒக்கும் ஆராய்ச்சியொன்று அமெரிக்க நாட்டிற் செய்யப்பட்டுளது. லிம், புட்னம் என்னும் அறிஞரிருவர், 2006, 2007 ஆம் ஆண்டுகளில் அந்நாட்டு மக்களை வினாவித் திரட்டிய விடைகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டனர். வாரந்தோறும் தொழுகைக்குச் செல்வோருள், அச்சபையில் மூவர் முதல் ஐவர் வரை நெருங்கிய நண்பரை உடையார் நூற்றுக்கு 33 பேர் தம் வாழ்வில் மிக்க நிறைவுடையேமென்றனர். அங்ஙனமே வாரந்தோறுஞ் சென்றும் ஆண்டு நண்பரொருவரையும் பெறாதாருள் அவ்வாறு கூறினார் 19 பேரே. தொழுகைக்கு ஒருபோதுஞ் செல்லாதார் தொகையும் அஃதே. தனித்திருந்து செய்யும் வேண்டுதல் முதலியன, இவற்றின் வேறாகத் தாமே இந்நிறைவை மிகுவித்தனவென்பதற்குச் சான்று அரிதாயிற்று.

அற்றேல், இன்பத்திற்குக் காரணம் கூட்டமேயாகும், இறைவனல்லன் போலுமெனின், அற்றன்று. அவ்வாராய்ச்சியே பிறிதொன்றுங் காட்டிற்று: தம் சமயத்தைத் தமக்கு உரியதென உறுதியாகக் கொண்டார்க்கன்றிச் சபை நட்பு அப்பயனைத் தந்திலது. வெறுங்கூட்டம் பயவாது, கூட்டத்தை ஒன்றாக்கும் பொருளொன்று வேண்டும். அன்றியும் அவர் அளந்தது உலக வாழ்வின் மனநிறைவு. அதனைச் சிவானந்தமென மயங்குதல் கூடாது. ஆயினும் இரண்டும் உயிரின் இயல்பொன்றையே பற்றி நிற்பன. உயிர் தனித்து நில்லாது, சார்ந்ததன் வண்ணமாவது. பளிங்கு தன்னையடுத்த நிறத்தைக் காட்டுமாறு போல. கல்லெறிய விலகிய பாசி மீள வந்து நீரை மூடுமாறு, நீங்கிய மலமும் வாசனையளவாய் நின்று வந்து தாக்கும். அப்பொழுது சார்தற்கு அடியாரில்லையேல் உயிர் அஞ்ஞானத்தாரைச் சாரும். மூன்றாவதொரு நிலை அதற்கில்லை. ஞானிக்குங் கூட்டம் விதிக்கப்பட்டது இதுபற்றியேயாம்.

எனவே, சேர்தலென்பது ஏட்டிற் பெயரெழுதுவித்தலன்று. நம் சைவ சபைகள் பலவற்றில் சொற்பொழிவு முடிந்தவுடன் யாவரும் எழுந்துபோவர். புதிதாய் வந்தாரை ஊரும் பேரும் வினவுவாரிலர். கட்டணம் தவறாது செலுத்தியும் அவர் தேவாசிரியத்துக்குப் புறத்தே நிற்பவரே. ஆரூரர் தாமே அணுகாது சென்றார். இவரையோ நாம் அணுகாது விடுகின்றோம். விறன்மிண்டர் இருந்தால் புறகென்பது யாரையென எண்ணிப்பார்க்க அச்சமாகின்றது.

இனி, பிறரை விலக்குதலாலேயே தம்முள் ஒற்றுமை கொள்ளுங் கூட்டமும் உண்டு. குலம் நோக்கிப் பந்தி பிரித்தவிடத்து உள்ளிருந்தார்க்கு ஒருவகை மகிழ்ச்சி இருந்ததென்பது மறுக்கப்படாது. ஆனால் அம்மகிழ்ச்சி ஆணவத்தின் வண்ணமாவதன்றி அருளின் வண்ணமாகாது. திருத்தொண்டத்தொகையோ ஒன்பது தொகையடியாரைக் கூறுமிடத்து, அப்பாலும் அடிச்சார்ந்தாரையும் ஓரினமாக வைத்தது. மூவேந்தர் தமிழ்நாட்டிற்கு அப்பாலுள்ளாரும், தொகையிற் கூறப்பட்டார் காலத்திற்கு முன்னும் பின்னும் உள்ளாரும் அவ்வினத்துள் அடங்குவரெனச் சேக்கிழார் பெருமான் விரித்துரைத்தார்.