கொள்ளைநோய்க் காலத்துப் பத்திரிகை

பெங்களூர் மல்லேஸ்வரத்தின் பழைய வாசிகளுள் யாரை வினவினாலும், பிளேக்குக்கு அஞ்சிப் பேட்டையைவிட்டு வந்தவர்களுக்காகவே இந்தப் பகுதி உண்டாக்கப்பட்டது என்று சற்றே பெருமிதத்துடன் சொல்வார்கள். 1898ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெங்களூரைப் பற்றிய அந்நோய், நெருக்கமான பேட்டைத் தெருக்களிலிருந்து ஜனங்களை விரட்டியது மெய்யே. ஆயினும் திவான் சேஷாத்திரி ஐயரின் நிர்வாகத்தில் பசவனகுடியும் மல்லேஸ்வரமும் 1892ஆம் ஆண்டளவிலேயே திட்டமிடப்பட்டுவிட்டன என்பதும், முன்பே தீர்மானமாகியிருந்த குடியேற்றத்தை நோய் துரிதப்படுத்தியது என்பதும் அவர்கள் நினைவில் தங்குவதில்லை. பெரிய ஆபத்து ஒன்று நேர்ந்துவிட்டால், அதன் அருகே நிகழ்ந்த யாவற்றுக்கும் ஒற்றைக் காரணம் தேடுவது மனித சுபாவம். அப்படித் தேடுகிறவர்கள் கைக்கு எளிதில் அகப்படுவது பத்திரிகை.

பிளேக் காலத்தில் ஜனங்களைத் தூண்டிவிட்டவை சுதேசிப் பத்திரிகைகளே என்று அன்றைய சர்க்கார் திடமாக நம்பியது. புனாவில் பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூன் 22ஆம் தேதி இரவு சுடப்பட்டார். அதற்கு ஒரு வாரம் முன்னர் தம் 'கேசரி' பத்திரிகையில் வெளிவந்தவற்றுக்காகத் திலகர்மீது ராஜத்துரோக வழக்குத் தொடுக்கப்பட்டு, பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் அந்தத் திலகரே புனாவில் இந்துக்களுக்கென ஒரு பிளேக் ஆஸ்பத்திரி ஏற்பட முன்னின்றவர் என்பதையும், ஊரைவிட்டு ஓடிய பிரமுகர்களைக் கண்டித்து எழுதியவர் என்பதையும் நோக்கினால், நோய்த்தடுப்பையே எதிர்த்த கலகக்காரர் என்ற சித்திரம் அவருக்குப் பொருந்தாது. மேலும், நோயாளிகளைத் தேடிச் சிப்பாய்கள் வீட்டுக்குள் புகுந்து ஸ்திரீகளின் மானத்தையும் பூஜையறையின் ஆசாரத்தையும் மதியாமல் சோதனையிட்டதை, அந்த வீட்டார் பத்திரிகையைப் படித்தா தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது? சர்க்காரோ மறு ஆண்டே தண்டனைச் சட்டத்தின் ராஜத்துரோகப் பிரிவை விரிவாக்கி, வகுப்புகளிடையே பகை மூட்டுவதைத் தண்டிக்கும் 153ஏ பிரிவையும் புதிதாகச் சேர்த்தது. 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டமோ நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஓயவில்லை: 2020 மார்ச் 11ஆம் தேதி கர்நாடக அரசு அதன்கீழ்ப் பிறப்பித்த விதிகளில், உண்மையை உறுதிசெய்யாமலும் அதிகாரிகளின் முன் அனுமதியின்றியும் கொரோனா பற்றிய செய்தியை எந்த ஊடகத்திலும் பரப்பலாகாது என்பதும் ஒன்று.

அந்த வசந்தத்தில் பத்திரிகையே நோயைச் சுமந்து வருகிறது என்றொரு நம்பிக்கையும் பரவியது. காலையில் வாசலில் விழும் காகிதத்தை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தோ, மொட்டைமாடி வெயிலில் காயவைத்தோ படித்தவர்களும், நந்தினிப் பால் பாக்கெட்டைச் சோப்பு நுரையில் குளிப்பாட்டியவர்களும், சந்தாவையே நிறுத்திவிட்டவர்களும் மல்லேஸ்வரத்தில் குறைவல்லர். அட்டைமீது ஒரு நாளும் பிளாஸ்டிக்மீது மூன்று நாளும் கிருமி பிழைத்திருந்ததாக ஓர் ஆய்வுக்கூடப் பரிசோதனை கூறியது பொய்யன்று. பிழைத்திருப்பது வேறு, தொற்றுவது வேறு என்ற பேதம் தலைப்புச் செய்தியில் இடம்பெறவில்லை. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், பொருள்களைத் தொடுவதால் தொற்று ஏற்படும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று கூறிற்று. இதில் பாமரரை மட்டும் நகைப்பது நியாயமாகாது. கொரோனா காற்றில் பரவுவதன்று என்று 2020 மார்ச் 28ஆம் தேதி திட்டவட்டமாக அறிவித்தது உலக சுகாதார நிறுவனம். வதந்தியை மறுக்கும் தோரணையிலேயே அதையும் அறிவித்தது. அதிகாரபூர்வமான செய்தி, ஆகவே உண்மையான செய்தி என்று கொண்டவர்கள் ஜன்னலை மூடிக்கொண்டு கைப்பிடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஊரடங்கின்போது வெளிமாநிலத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாகச் சொந்த ஊருக்கு நடந்தது பொய்ச் செய்தியால் விளைந்த பீதி என்பது நான்காவது நம்பிக்கை. இதுவே மிகவும் கொடியது என்பேன். ஊரடங்கு மூன்று மாதம் நீடிக்கும் என்ற வதந்தியே காரணமென்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்க, 2020 மார்ச் 31ஆம் தேதி நீதிமன்றம் அதை ஏற்று, அரசு தரப்புச் செய்தியைப் பத்திரிகைகள் வெளியிட வேண்டுமெனவும் பணித்தது. மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து நள்ளிரவில் அமலாக்கிய ஊரடங்கில், தினக்கூலி நின்றுபோனவனுக்கு வதந்தி எதற்கு? அது மூன்று வாரமென்றாலும் அவன் அடுப்பு எரியாது.

பெங்களூரிலேயே இதன் மறுபக்கத்தையும் கண்டோம். மே 5ஆம் தேதி கட்டட நிறுவனத்தார் முதலமைச்சர் எடியூரப்பாவைச் சந்தித்தபின், தொழிலாளரை ஊருக்கு ஏற்றிச்செல்லும் ஷ்ரமிக் ரயில்கள் மறுநாள் முதல் வேண்டாமென்று மாநில அரசு ரயில்வேக்கு எழுதிற்று. வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காக மனிதரைப் போகவிடாமல் நிறுத்துவதா என்று நாடெங்கும் பத்திரிகைகளில் கண்டனம் எழுந்தது. மே 7ஆம் தேதிக்குள் அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டு மீண்டும் ரயில் கேட்டது. பத்திரிகையின் வெற்றி என்று இதையும் கொண்டாடுகிறவர்கள் உண்டு. தொழிற்சங்கத்தார் உயர் நீதிமன்றத்தை நாடியிருந்ததையும், எதிர்க்கட்சிகள் கண்டித்ததையும் விட்டுவிட்டு அப்படிச் சொல்வது மிகையே. எனினும், அனுமதி பெறாத அச்செய்திகள் வெளிவந்திராவிட்டால் அந்த ரயில்கள் அத்தனை விரைவில் திரும்பி வந்திரா என்றே நான் கருதுகிறேன்.