முதுகுவலி: படுப்பதற்கும் ஓர் அளவு, நடப்பதற்கும் ஓர் அளவு

நம்பிக்கை: "வலி முழுசா விடுற வரைக்கும் படுத்தே இருக்கணும்."

இதை ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதிக் கொடுத்தார்கள். அதனால் வீட்டுப் பெரியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 1986இல் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் டெயோவும் அவருடைய குழுவினரும் முதுகுவலிக்காரர்களில் ஒரு பிரிவினரை 2 நாளும், இன்னொரு பிரிவினரை 7 நாளும் படுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2 நாள் பிரிவினர் வேலைக்குப் போகாத நாட்கள் 45 சதவீதம் குறைவு. அதனால் அவர்கள் உடம்புக்குக் கெடுதல் எதுவும் வரவில்லை.

1995இல் ஹெல்சிங்கி மாநகர ஊழியர்கள் 186 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. சிலர் 2 நாள் படுத்தார்கள், சிலர் முதுகுக்கான பயிற்சிகளைச் செய்தார்கள், மற்றவர்கள் வலி இடம் கொடுத்த மட்டும் வழக்கமான வேலைகளைப் பார்த்தார்கள். முதலில் தேறியவர்கள் இந்த மூன்றாவது பிரிவினர்தான். கடைசியில் தேறியவர்கள் படுத்தவர்கள். வலி புதிதாக இருக்கும்போது அவசரப்பட்டுப் பயிற்சியில் இறங்கியவர்களும் சாதாரணமாக நடமாடியவர்களை முந்தவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

தாங்க முடியாத வலியில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து அரை மணி நேரம் படுப்பதில் தவறே இல்லை. நாள் முழுக்கப் படுத்தால்தான் தசை தளரும், முதுகு இறுகும், எழுந்து நிற்கவே பயம் வந்துவிடும்.

நம்பிக்கை: "ஸ்கேன்ல ஜவ்வு விலகியிருக்கு. இனிமே குனியவே கூடாது."

முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. 50 வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு ஜவ்வு தேய்ந்திருந்தது, 60 சதவீதம் பேருக்குப் பிதுங்கியிருந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம்! ஸ்கேன் அறிக்கையில் உள்ள எல்லாமே வலிக்குக் காரணம் ஆகிவிடாது. பிதுங்கிய ஜவ்வு பலருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே நாளடைவில் சுருங்கிவிடுகிறது. ஆயுள் முழுக்கக் குனியாமல் இருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து பழகலாம்.

நம்பிக்கை: "இன்னைக்கு வலி இல்ல. கெடக்கிற வேலையெல்லாம் முடிச்சிடுவோம்."

அதிகம் பேரைக் கவிழ்ப்பது இதுதான். மூன்று நாள் சேர்ந்த துணி, ஒட்டடை, பரணில் கிடக்கும் அண்டா, மாவுக்கு ஊறப்போட்ட அரிசி என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கிறோம். சாயங்காலம் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அடுத்த இரண்டு நாள் படுக்கை. அந்தப் படுக்கையில் உடம்பு இன்னும் தளர்ந்துவிடுவதால், அடுத்த நல்ல நாளில் பாதி வேலைக்கே வலி வந்துவிடும். இப்படியே போனால் செய்ய முடிந்த வேலையின் அளவு மாதாமாதம் சுருங்கும்.

இதற்கு வழி, வலி வந்த பிறகு நிறுத்தாமல் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவது. அடுப்படியில் எத்தனை நிமிடம் நின்றால் வலி ஏறுகிறது என்று சில நாள் கவனியுங்கள். 20 நிமிடம் என்றால் 15லேயே உட்கார்ந்துவிடுங்கள். வெங்காயம் உரிப்பதை நாற்காலியில் வைத்துக்கொண்டு, பிறகு எழுந்து தாளிக்கலாம். வலி இல்லாத நாளிலும் அதே 15 நிமிடம்தான். வலி கூடிய நாளில் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். உடம்பு ஏற்றுக்கொண்டால் வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டலாம். உடம்பு நன்றாக இருக்கும்போது பாதியில் எழுந்து வருவதுதான் மிகக் கடினம், அதற்குத்தான் கடிகாரம்.

தையல் மெஷினில் உட்காருகிறவர் பாபின் மாற்றும்போதெல்லாம் எழுந்து நிற்கலாம். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு அந்த ஒரு நிமிடமும் காசு. அந்த நிமிடத்தை நிர்வாகம்தான் கொடுக்க வேண்டும், தொழிலாளி தன் கூலியிலிருந்து அல்ல.

நம்பிக்கை: "கட்டாந்தரையில் படு, பெல்ட்டைக் கழற்றாதே."

ஸ்பெயினில் 313 பேரிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையே நாள்பட்ட வலிக்கு நல்லது என்று தெரிந்தது. பாய் ஒத்துக்கொண்டால் பாயிலேயே படுங்கள், வலிக்கிறது என்றால் பிடிவாதம் வேண்டாம். நாள்பட்ட இடுப்புவலிக்கு வழக்கமான சிகிச்சையாக பெல்ட்டை உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைக்கவில்லை.

நம்பிக்கை: "வீட்டு வேலை செய்யறதே எக்சர்சைஸ்தானே?"

வீட்டு வேலையும் உடல் உழைப்புதான். ஆனால் அதன் அளவு பெரும்பாலும் செய்கிறவர் கையில் இல்லை. குடம் நிரம்பியதும் தூக்கியாக வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் முன் சமையல் முடிந்தாக வேண்டும். மேலே சொன்ன 15 நிமிடக் கணக்கு நடக்க வேண்டுமானால் மீதி வேலையை வீட்டில் இன்னொருவர் எடுத்துச் செய்ய வேண்டும். வலி உள்ளவர் நடைப்பயிற்சி போகவும் நேரம் விட வேண்டும். முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேரை ஆஸ்திரேலியாவில் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2024இல் வெளியானது. படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப வர, இடைநிலைக் கணக்கில், 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள்.

இதெல்லாம் சாதாரண முதுகுவலிக்கு. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, காலில் பலம் குறைந்துகொண்டே போனாலோ, அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். விழுந்து அடிபட்ட வலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்கு வரும் வலி, காய்ச்சலோடும் எடைக் குறைவோடும் சேர்ந்த வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. முதுகெலும்பில் வரும் காசநோய் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. மாத்திரைகளால் அதைக் குணப்படுத்த முடியும்.