ஜலதோஷ மாத்திரை உட்கொள்ளுமுன்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஜலதோஷம் புகாத இல்லம் அரிது. தறிக்குழியில் ஈரம் ஏறுகிறது. வயலில் நின்றவர் நனைந்து திரும்புகிறார். வேலையை நிறுத்தினால் கூலி நின்றுவிடும் என்ற கவலையால், கடைக்குச் சென்று, "ஜலதோஷத்துக்கு ஒரு மாத்திரை" என்று கேட்டு வாங்கி, விழுங்கிவிட்டு, மறுபடியும் வேலையில் அமர்கிறோம். இப்பழக்கத்தில் உள்ள அபாயம் யாது, அதைத் தவிர்க்கும் வழி யாது என்பவற்றை இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

முதலில் அறிய வேண்டியது, அந்த மாத்திரை ஒரு மருந்து அன்று என்பதாகும். ஒரே வில்லையில் இரண்டு அல்லது மூன்று மருந்துகள் அடங்கியுள்ளன. பருத்தியும் பட்டும் கலந்த சேலையை வாங்குவோர், எது எத்தனை பங்கு என்று கேட்காமல் வாங்குவதில்லை. உடலுக்குள் செல்லும் கலவையைப் பற்றி அவ்வாறு கேட்பது அதனினும் அவசியமன்றோ?

மாத்திரையினுள் இருப்பவை

முதலாவது, குளோர்பெனிரமின் போன்ற ஒவ்வாமைத் தடுப்பு மருந்து. தும்மலையும் மூக்கு நீரையும் தூண்டும் ஹிஸ்டமின் என்னும் பொருளின் செயலை இது தடுக்கிறது. ஆனால் இது மூளையையும் எட்டுவதால் உறக்கமும் மந்தமும் உண்டாகின்றன.

இரண்டாவது, பினைல்எஃப்ரின் அல்லது சூடோஎபிட்ரின். இது மூக்கினுள் வீங்கிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பை நீக்குவதற்காகச் சேர்க்கப்படுவது. இதன் வேலை மூக்கோடு நிற்பதில்லை. இரத்த அழுத்தத்தை உயர்த்தவும், நெஞ்சுத் துடிப்பை மாற்றவும் கூடும். வாய்வழி உட்கொள்ளும் பினைல்எஃப்ரின், வழக்கமான அளவில் மூக்கடைப்பை நீக்கப் பயன்படவில்லை என்று அமெரிக்க அரசின் மருந்து ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் முடிவு கூறியது. பயன் ஐயத்திற்குரியதாயின், அதன்பொருட்டு அபாயத்தை ஏற்பது எவ்வாறு தகும்?

மூன்றாவதாகப் பல மாத்திரைகளில் காய்ச்சலுக்கான பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கும்.

நம்மை நாமே கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. எனக்கு வேறு நோய் உண்டா? இரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, நீரிழிவு ஆகியவை உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் இம்மாத்திரையைத் தொடலாகாது. கண் அழுத்த நோய் உள்ளோருக்குக் கண்ணில் அழுத்தம் திடீரென மிகலாம். புராஸ்டேட் சுரப்பி வீங்கிய முதியோருக்குச் சிறுநீர் அடைபடலாம்.

2. வேறு மருந்து உட்கொள்கிறேனா? தூக்க மாத்திரையோ, வலிப்பு மருந்தோ, மதுவோ இதனுடன் சேர்ந்தால் மயக்கம் பன்மடங்காகும். மனச்சோர்வுக்குத் தரப்படும் மோனோ அமைன் ஆக்ஸிடேஸ் தடுப்பி வகை மருந்தை உட்கொள்வோரும், அதை நிறுத்தி 14 நாள் ஆகாதோரும் இதை உட்கொள்ளவே கூடாது. ஜலதோஷ மாத்திரையோடு தனியே காய்ச்சல் மாத்திரையும் விழுங்கினால் பாராசிட்டமால் இரட்டிப்பாகும். வயது வந்தோருக்கு அதன் உச்ச அளவு நாளொன்றுக்கு 4 கிராம். அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. அதற்கு மிஞ்சினால் கல்லீரல் கெடும். மது அருந்துவோருக்கும் உடல் மெலிந்தோருக்கும் இவ்வளவே மிகையாகலாம்.

3. இன்று நான் செய்யும் வேலை யாது? விசைத்தறி ஓட்டுவோர், டிராக்டர் செலுத்துவோர், கிணற்றோரம் பம்புசெட்டைப் பார்ப்போர், இருசக்கர வண்டியில் சந்தைக்குச் செல்வோர் ஆகியோருக்கு ஒரு கணக் கண்ணயர்வும் கை போக, உயிர் போகக் காரணமாகலாம். இரவில் உட்கொண்டாலும் மறுநாள் காலை மந்தம் நீடிப்பதுண்டு.

4. யாருக்குக் கொடுக்கிறேன்? குளோர்பெனிரமினும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது என இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2023 டிசம்பரில் எச்சரிக்கை அச்சிடப் பணித்தார். பெரியோரின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் குழந்தைக்குத் தருவது பெரும் பிழை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். முதியோருக்கு மனக்குழப்பமும் தடுமாறி விழுதலும் நேரிடலாம்.

5. இது ஜலதோஷந்தானா? நம் விவசாய உறுப்பினர்கள் இக்கேள்வியை மறவாதிருக்க வேண்டும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து தெளித்தபின் மூக்கொழுகல், கண்ணீர், உமிழ்நீர்ப் பெருக்கு, வியர்வை, நெஞ்சிறுக்கம், கண்மணி சுருங்குதல் ஆகியவை தோன்றினால் அது ஜலதோஷமன்று. விஷம் ஏறியதன் அடையாளம். மாத்திரை தேடி நேரம் போக்காமல், வயலைவிட்டு வெளியேறி, ஆடையைக் களைந்து, சோப்பு நீரால் உடலைக் கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டோடு மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். நூற்பாலைப் பஞ்சுத் தூசியில் பல்லாண்டு உழைத்தோருக்கு, விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் வரும் நெஞ்சிறுக்கமும் ஜலதோஷமன்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம்.

உட்கொண்டபின் கவனிக்க வேண்டியவை

நெஞ்சு படபடப்பு, கடும் தலைவலி, கண்வலியோடு பார்வை மங்கல், சிறுநீர் இறங்காமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரை அணுக வேண்டும். மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து இடுவோரும் சில நாள்களுக்கு மேல் தொடரலாகாது. தொடர்ந்தால் அடைப்பு முன்னிலும் மிகும்.

சாதாரண ஜலதோஷம் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் தானே தணியும். மாத்திரை அதன் தொல்லையைச் சிறிது குறைக்கலாமேயன்றி நோயை விரைந்து போக்காது. வெந்நீரும், வேண்டிய அளவு உறக்கமும், இரண்டு நாள் ஓய்வும் பலருக்குப் போதும். ஒரு நாள் கூலி போயினும் மறுநாள் ஈட்டலாம். தறியில் சிக்கிய விரலை எந்தக் கூலியும் மீட்டுத் தாராது.

கூட்டத்தில் விவாதிக்க

அ. நம் வீட்டிலுள்ள ஜலதோஷ மாத்திரையின் அட்டையைக் கொணர்ந்து, அதிலுள்ள மருந்துகளின் பெயரையும் அளவையும் எழுத்தறிந்த உறுப்பினர் மற்றவர்க்கு வாசித்துக் காட்டுக.

ஆ. காய்ச்சலுக்காக நாம் வாங்கும் மாத்திரையில் இருப்பதும் இதில் இருப்பதும் ஒன்றா எனக் காண்க.

இ. மாத்திரை உட்கொண்ட உறுப்பினரின் தறியையோ, டிராக்டரையோ அன்று வேறொருவர் பார்த்துக்கொள்ள நாம் எவ்வாறு ஏற்பாடு செய்யலாம்? ஒருவர் சோர்வை மற்றவர் தாங்குவதன்றோ கூட்டுறவு!